சீன இசை வெறும் மோகனம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் சீனப் பாரம்பரிய இசை பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. தமிழ் நாளிதழில் இப்படி ஒரு விஷயத்துக்கு இடம் கிடைப்பதே அபூர்வம் என்பதால் ஆவலோடு படித்தேன். இரண்டு இடங்களில் மனம் உறுத்தியது. “சீன இசை ஐந்து ஸ்வரங்களில் அடங்கிவிடும், நம் மோகன ராகம்தான் அது” என்று ஒரு வரி. “ஐயாயிரம் ஆண்டுகளாக மாறாமல் வரும் மென்மையான இசை” என்று இன்னொரு வரி. இரண்டையும் அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

நான் வீணை சொல்லிக்கொடுப்பவள். கணவரின் வேலை காரணமாகச் சில ஆண்டுகள் சீனாவின் சூஜோ நகரில் குடியிருந்தோம். அங்கேதான் ஒரு வயதான அம்மையாரிடம் குச்சின் என்ற தந்தி வாத்தியம் வாசிக்கக் கற்றேன். மாணவர்கள் எல்லோரையும் போல நானும் அவரை ‘லாவோஷி’ என்றே அழைப்பேன். ஆசிரியரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரிடம் கேட்டதையும் என் விரலில் பட்டதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ‘குச்சின்’ என்று பெயர் போட்டு நீங்கள் வெளியிட்டிருந்தது குஜெங் என்ற வேறொரு தந்தி வாத்தியம். பார்த்த மாத்திரத்தில் தெரியும்: 21 தந்திகள், ஒவ்வொரு தந்திக்கும் அடியில் நகர்த்தக்கூடிய ஒரு குதிரை (தந்தியைத் தாங்கும் கட்டை), வாசிப்பவரின் விரல்களில் கட்டிய நகங்கள். குச்சினுக்கு ஏழே தந்தி. வரிசையாகக் குதிரைகள் கிடையாது, நம் வீணையில் இருப்பதுபோல மெட்டும் கிடையாது. கருப்பு அரக்குப் பூச்சின் ஓரத்தில் சிப்பியால் பதித்த 13 புள்ளிகள் மட்டும் இருக்கும். குஜெங் சபைக்கு ஏற்ற வாத்தியம், நல்ல முழக்கம் உண்டு. குச்சினோ பக்கத்து அறையில் இருப்பவருக்கே கேட்காது. கன்பூசியஸ் வாசித்ததாகச் சொல்வதும், படித்தவர்கள் தங்கள் மனத்துக்காகவே வாசித்துக்கொண்டதும் இதைத்தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் பிறகு எதைச் சொன்னாலும் தடம் மாறிப்போகும்.

இனி ஐந்து ஸ்வர விஷயம். அதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியே அழகானது. கொங், ஷாங், ஜுவே, ஜி, யூ என்று ஐந்து ஸ்வரங்களைச் சீனர்கள் வெகு காலமாகச் சொல்கிறார்கள். ‘குவான்ஸி’ என்ற பழைய நூலில் அவற்றுக்குக் கணக்கே இருக்கிறது. தந்தியின் நீளத்தை 81 என்று வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 108. அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 72. மறுபடி கூட்டினால் 96, மறுபடி கழித்தால் 64. ஐந்து ஸ்வரமும் வந்துவிட்டது. ‘கொங்’ ஸ்வரத்தை ஆதார ஸட்ஜமாக வைத்தால் நமக்கு மோகனம் கேட்கும், அதில் தகராறு இல்லை. ஆனால் ஷாங்கில் நின்றால் மத்தியமாவதி, ஜுவேயில் நின்றால் ஹிந்தோளம், ஜியில் நின்றால் சுத்த சாவேரி, யூவில் நின்றால் சுத்த தன்யாசி. நம் கிரக பேதம்தான் இது, ஸ்வரங்களை மாற்றாமல் ஆதாரத்தை மட்டும் மாற்றுவது. சங்கீதம் படிக்கும் பிள்ளைகள் தம்புராவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். சீன இசையில் இந்த ஐந்து நிலைகளும் புழக்கத்தில் உள்ளவை. ஆக, ஐந்து ஸ்வரம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மோகனத்தோடு கதை முடிவதில்லை.

ஐந்தோடும் அது நிற்பதில்லை. ‘பியன்’ என்று சொல்லும் இரண்டு துணை ஸ்வரங்கள் சேர்ந்து ஏழாகும். ஹெனான் மாநிலத்தின் ஜியாஹூ என்ற இடத்தில் 1980களில் தோண்டியபோது, செங்கொண்டைக் கொக்கின் இறக்கை எலும்பில் செய்த புல்லாங்குழல்கள் கிடைத்தன. எண்ணாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவையும் அவற்றில் உண்டு. சிலவற்றில் ஐந்து துளை, சிலவற்றில் ஆறு, ஏழு, எட்டு. நன்றாகக் காப்பாற்றப்பட்ட ஏழு துளைக் குழல் ஒன்றில், கடைசித் துளைக்குப் பக்கத்தில் ஊசி நுழையும் அளவுக்கு இன்னொரு சின்னத் துளை இருக்கிறது. சுருதி சரியாக விழவில்லை என்று அதைச் செய்தவர் திருத்தியிருக்கிறார் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். மட்பாண்டம் செய்யப் பழகிய காலத்திலேயே சுருதி கொஞ்சம் பிசகியதைப் பொறுக்காத ஒரு காது அங்கே இருந்திருக்கிறது. எனக்கு அந்தச் சின்னத் துளையைப் பற்றிப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

வடமேற்கே ஷான்ஷி மாநிலத்துக்குப் போனால் ‘குயின்’, அதாவது கசப்பான ஸ்வரம் என்று ஒரு முறை. அந்த ஊர் நாடகப் பாட்டில் அழுகை வரும் இடத்தில் நான்காவது ஸ்வரத்தைக் கொஞ்சம் ஏற்றியும் ஏழாவதைக் கொஞ்சம் இறக்கியும் பாடுவார்கள். நம் பன்னிரண்டு ஸ்தானத்தில் எதிலும் அது சரியாக உட்காராது. ஹார்மோனியத்தின் இரண்டு கட்டைக்கு நடுவே நிற்கும். தெற்கே சாவ்ஜோவில் குஜெங் வாசிப்பவர்களிடம் இது இன்னும் நுட்பமாகிறது. தந்திகள் ஐந்து ஸ்வரத்துக்குத்தான் சேர்த்திருக்கும். வலது கை மீட்டும்போது இடது கை குதிரைக்கு அந்தப் பக்கம் தந்தியை அழுத்தும். லேசாக அழுத்தினால் ஒரு பாவம், பலமாக அழுத்தினால் வேறு பாவம். ‘உயிருள்ள ஐந்து’ என்று அவர்கள் சொல்லும் முறையில் ஒரு ஸ்வரத்தை நிலையாக நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருப்பார்கள். ஒரே பாட்டு ‘லியூ சிங்நியாங்’. அழுத்தத்தை மாற்றி வாசித்தால் குதூகலமாக இருந்தது ஒப்பாரியாகிவிடும். எழுத்தில் பார்த்தால் அதே ஸ்வரங்கள்தான். தோடியின் காந்தாரத்தை வெறும் ‘க’ என்று எழுதிவைத்துவிட்டு அதுவே தோடி என்று நாம் யாராவது சொல்வோமா?

கட்டுரை ஆசிரியருக்கு நான் சொல்ல விரும்புவதே இதுதான். ஸ்வரங்களை எண்ணிப் பார்த்தால் சீன இசை ஏழையாகத் தெரியும். மீட்டிய பிறகு அந்த ஒலிக்கு என்ன ஆகிறது என்று கேட்டால்தான் அதன் செல்வம் தெரியும்.

குச்சினில் ஆரம்பப் பாடம் ‘ஷியன்வெங் ஸாவ்’ என்ற சின்ன உருப்படி. நமக்குச் சரளி வரிசை மாதிரி, எல்லோருக்கும் பெரும்பாலும் அதுதான் முதலில். அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு தந்தியில் விரலைக் கீழிருந்து இழுத்துக்கொண்டு வந்து ஒரு ஸ்வரத்தில் நிறுத்த வேண்டும். உடனே இன்னொரு தந்தியைத் திறந்தபடி மீட்ட வேண்டும். இரண்டும் ஒரே ஸ்வரம், ஒரே ஸ்தாயி. ஸ்வரப்படுத்தினால் ‘ப, ப’ என்று எழுதலாம், பார்க்கிறவர்கள் இதில் என்ன இருக்கிறது என்பார்கள். கேட்டால், அழுத்தி வாசித்தது ஒரு மனிதக் குரல் போலவும் திறந்தபடி வாசித்தது தரையிலிருந்து வருவது போலவும் இருக்கும். இந்த வித்தியாசம் காதில் விழுகிறதா என்பதைத்தான் முதல் பாடமே சோதிக்கிறது. லாவோஷி என்னை அந்த இரண்டு ஒலிகளையும் மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

மூன்று விதமான ஒலி அந்த வாத்தியத்தில். திறந்த தந்தியின் ஒலி. புள்ளிக்கு நேரே விரலை வைத்தும் வைக்காமலும் தொட்டால் வரும் மணியோசை போன்ற ஒலி. அழுத்தி நகர்த்தும் ஒலி. மூன்றாவதில்தான் நம் போன்றவர்களுக்கு வீட்டுக்கு வந்த உணர்வு. ஜாரு என்ற இழுப்பு, கம்பிதம் என்ற அசைவு எல்லாம் இருக்கிறது. கீழிருந்து ஏறி வந்து சேர்வதற்கு ஒரு பெயர், மேலிருந்து இறங்கி வருவதற்கு ஒரு பெயர், குறுகிய அசைவுக்கு ‘யின்’, அகன்ற அசைவுக்கு ‘நாவ்’, அவற்றுக்குள்ளே பல உட்பிரிவுகள். ஆனால் ஒன்றில் அது நம் வழக்கத்திலிருந்து விலகிப் போகிறது. நீளமாக நகர்த்தும்போது பாதி வழியிலேயே ஒலி செத்துவிடும். பட்டுத் தந்தி, மெல்லிய நாதம், எவ்வளவு நேரம்தான் நிற்கும்? நாமாக இருந்தால் நடுவே இன்னொரு மீட்டுப் போட்டு உயிர் கொடுப்போம். லாவோஷி விடமாட்டார். ஒலி போனாலும் விரல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போயே ஆக வேண்டும் என்பார். அப்போது காதில் விழுவது தந்தியின் மேல் விரல் தேயும் ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் மட்டும். அதுவும் சங்கீதத்தில் சேர்த்திதான் அவருக்கு. அவர் வைத்திருந்தது பட்டுத் தந்தி. இப்போது பெரும்பாலும் எஃகில் நைலான் சுற்றிய தந்திகள்தான் போடுகிறார்கள்; ஒலி நீளமாக நிற்கும், அந்தத் தேய்ப்புச் சத்தம் வேறு விதமாக, கொஞ்சம் கூச்சமூட்டும்படி வரும். பட்டின் பக்கம்தான் என் மனசு.

சூஜோவுக்குப் பக்கத்தில் சாங்ஷூ என்று ஓர் ஊர், அங்கே யூஷான் மலை. அந்த மலையின் பெயரால் ஒரு குச்சின் பாணியே இருக்கிறது. யான் செங் என்பவர் 1614இல் வெளியிட்ட ‘சோங்ஷியன்குவான்’ சுவடிதான் அதற்கு அடித்தளம். தெளிவு, நுண்மை, அடக்கம், தொலைவு என்று அந்தப் பாணிக்கு இலக்கணம் சொல்வார்கள். விறுவிறுப்பு வேண்டாம், கைதட்டல் வேண்டாம். இதைப் படித்துவிட்டுத்தான் சிலர் சீன இசை என்றாலே மென்மை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பிபா என்ற தந்தி வாத்தியத்தில் ‘பத்துத் திசையிலும் பதுங்கிய படை’ வாசிப்பதைக் கேட்டுவிட்டு அவர்கள் பேசட்டும். கி.மு. 202இல் நடந்த கைஷியா போரைச் சொல்லும் உருப்படி அது. தந்திகளை ஒன்றோடொன்று முறுக்கி உரசி வாளோசையை எழுப்புவார்கள்.

குச்சினின் எழுத்துமுறை பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறையாகப் பட்டது. சீன எழுத்துகளின் துண்டுகளை ஒட்டவைத்தது போல ஒரு கட்டம். மேல் பாதியில் இடது கையின் எந்த விரல், எத்தனையாவது புள்ளி என்று இருக்கும். கீழ்ப் பாதியில் வலது கையின் எந்த விரல், உள்நோக்கியா வெளிநோக்கியா, எத்தனையாவது தந்தி என்று இருக்கும். ‘மோதிர விரல், ஒன்பதாம் புள்ளி, நடுவிரலால் உள்நோக்கி, மூன்றாம் தந்தி.’ அவ்வளவும் ஒரே எழுத்துக்குள். ஸ்வரத்தின் பெயர் இல்லை, தாளமும் இல்லை. எவ்வளவு நேரம் கார்வை கொடுப்பது என்று ஏடு சொல்லாது. குரு சொல்ல வேண்டும், குரு இல்லாவிட்டால் நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். மறந்துபோன உருப்படியை ஏட்டிலிருந்து இப்படி உயிர்ப்பிக்கும் வேலைக்கு ‘தாபூ’ என்று பெயர்.

மிங் வம்சத்து இளவரசர் ஜூ சுவான் 1425இல் தொகுத்த ‘ஷென்ச்சி மிபூ’வில் 64 உருப்படிகள் இருக்கின்றன. அதில் ஒன்று ‘குவாங்லிங் ஸான்’, 45 பகுதிகள் கொண்டது. மூன்றாம் நூற்றாண்டில் ஜி காங் என்ற அறிஞருக்கு மரண தண்டனை விதித்தபோது, அவர் நிழலைப் பார்த்து நேரம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு குச்சினைக் கேட்டு வாங்கி இதை வாசித்தார், இத்தோடு இது முடிந்தது என்று வருந்தினார் என்பது வரலாற்று நூலில் உள்ள செய்தி. முடியவில்லை. ஏடு இருந்தது, வாசிக்கத்தான் ஆள் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் குவான் பிங்ஹூ என்ற பெரியவர் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து, கார்வைகளை யோசித்து, அதைத் திரும்பவும் கேட்கும்படி செய்தார். அதே குவான் பிங்ஹூ வாசித்த ‘லியூ ஷுய்’, அதாவது ஓடும் நீர், 1977இல் வாயேஜர் விண்கலத்தின் தங்கத் தட்டில் ஏறிப் போனது. நம் கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவியும் அதே தட்டில்தான் இருக்கிறது.

குச்சின் தனிமையின் வாத்தியம் என்றால், அந்தப் பக்கத்தில் கூடி வாசிப்பது ‘ஸிஜூ’. பட்டும் மூங்கிலும் என்று பொருள். தந்தி வாத்தியங்களும் குழல்களும் சேர்ந்த குழு. ஷாங்ஹாயில் யூயுவான் தோட்டத்தருகே குளத்தின் நடுவில் ஹூஷின்டிங் என்ற பழைய தேநீர்க்கடை இருக்கிறது. சூஜோவிலிருந்து ரயிலில் போய் வந்துவிடலாம். மேடை கிடையாது. ஒரு மேசையைச் சுற்றி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வார்கள், பெரும்பாலும் வயதானவர்கள், வேறு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். வில்லால் இழைக்கும் எர்ஹூ, மீட்டும் பிபா, ஸான்ஷியன், குச்சியால் தட்டும் யாங்சின், டிஸி என்ற குழல், குழாய்களை ஊதும் ஷெங். சுற்றிலும் தேநீர்க் கோப்பைகள்.

அங்கே ‘ஜோங்ஹுவா லியூபான்’ வாசித்தார்கள். வீட்டில் நடந்த ஒரே கதையை அண்ணன் தம்பிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்வது போல இருந்தது: ஒருவர் சுருக்கமாக, ஒருவர் அலங்காரமாக, ஒருவர் மற்றவர் விட்ட இடத்தை நிரப்பிக்கொண்டு. மெட்டு ஒன்று. குழல் அதைப் பின்னல் பின்னலாகச் சுற்றுகிறது, அதே நேரம் எர்ஹூ நீளமாக இழுக்கிறது. எர்ஹூ சுழலத் தொடங்கியதும் குழல் அடங்கிவிடுகிறது. “நீ விரித்தால் நான் சுருக்குவேன்” என்பது அவர்களுக்குள் வழங்கும் விதி. மேற்கத்திய முறையில் தனித்தனிக் குரல்களாகப் பிரித்து எழுதிக் கோத்தது அல்ல இது. நம் கச்சேரியில் வயலின் பாட்டை நிழலாகத் தொடர்வதும் இல்லை. எல்லோருக்கும் சம உரிமை, ஒரே மெட்டு. கட்டுரை இதைச் சொல்லாமல் விட்டது ஏனென்றே தெரியவில்லை. சீனச் சேர்ந்திசையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

அந்த மெட்டு வளரும் விதமும் தனி. ‘பாபான்’ என்று 68 அடி கொண்ட ஒரு பழைய மெட்டு, எட்டெட்டாக எட்டு வரி, நடுவே நாலு அடி கூடுதல். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ‘லாவ் லியூபான்’ மெட்டைக் காலம் பாதியாகக் குறைப்பார்கள், குறைத்ததால் உண்டான இடைவெளியில் புது ஸ்வரங்களை நிரப்புவார்கள். பூ வைப்பது என்று அதற்குப் பெயர். மறுபடியும் குறைப்பார்கள், மறுபடியும் பூ வைப்பார்கள். ஒரே மெட்டிலிருந்து இப்படிப் பிறந்த ஐந்து வடிவங்களையும் மிக மெதுவானதில் தொடங்கி வேகமானது வரை தொடர்ந்து வாசிப்பதற்கு ‘ஒரே கூடத்தில் ஐந்து தலைமுறை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இடைவேளையில் குழல்காரர் சவ்வு ஒட்டியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். டிஸி குழலில் வாய்த்துளைக்கும் விரல்துளைகளுக்கும் நடுவே ஒரு தனித் துளை இருக்கும். நாணல் தண்டின் உட்புறத்திலிருந்து எடுத்த மெல்லிய சவ்வை அதன் மேல் ஒட்ட வேண்டும். கழுதைத் தோலிலிருந்து காய்ச்சிய பசைக்கட்டியைக் கொஞ்சம் நீர் தொட்டுத் துளையின் ஓரத்தில் தேய்த்தார். சவ்வை இரண்டு கட்டைவிரலாலும் பக்கவாட்டில் இழுத்து மெல்லிய சுருக்கங்கள் விழும்படி ஒட்டினார். ஊதிப் பார்த்தார், முகம் சுளித்தார், உரித்துவிட்டு மறுபடி ஒட்டினார். இறுக்கமாக இருந்தால் குழல் ஊமையாகும், தளர்ந்தால் பிசிறடிக்கும், ஈரக்காற்று அடித்தால் திரும்பவும் சரிசெய்ய வேண்டும். டிஸியின் அந்தப் பளபளப்பான ரீங்காரம் முழுக்க அந்தச் சவ்வால் வருவது. சவ்வு இல்லாத குழலுக்கு ஷியாவ் என்று பெயர், நிமிர்த்திப் பிடித்து ஊதுவது, நாதம் இருண்டு வரும்.

இனி “மாறாமல்” என்ற சொல். இவ்வளவு மாறிய இசை உலகில் குறைவு.

பிபாவை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று சீனாவின் அடையாளமாகக் காட்டப்படும் அந்த வாத்தியத்தின் வடிவம் மத்திய ஆசியாவிலிருந்து பட்டுப்பாதை வழியே வந்தது. டாங் வம்ச காலத்தில் அதை மடியில் குறுக்காகப் படுக்கவைத்து, மரத்தகட்டால் மீட்டினார்கள். பிறகு நிமிர்த்திப் பிடித்து விரல்களால் வாசிக்கலானார்கள், தந்திக்கு அடியில் பதிக்கும் மெட்டுக்கட்டைகளும் கூடிக்கொண்டே போயின. கி.பி. 568இல் துருக்கிய இளவரசி ஒருத்தி வடக்கு ஜோ பேரரசருக்கு மணமகளாக வந்தபோது, பட்டுப்பாதையில் இருந்த குச்சா நாட்டுப் பிபாக் கலைஞர் சுஜீவர் கூட வந்தார். ஏழு வகைப் பண்களை அவர் விளக்கியது சீன அரசவையின் ஸ்வர சாஸ்திரத்தையே அசைத்தது. அந்த ஏழின் பெயர்களும் சுய் வம்ச வரலாற்றில் சீன எழுத்தில் ஒலிபெயர்த்துப் பதிவாகியிருக்கின்றன. பஞ்சமம், கைசிகம், ஷட்ஜம் ஆகியவற்றை ஆய்வாளர்கள் அவற்றில் அடையாளம் கண்டிருக்கிறார்கள். அந்த வரலாறு தொகுக்கப்பட்டது ஏழாம் நூற்றாண்டு. நம் குடுமியான்மலையில் பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டும் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததுதான். அதிலும் ஏழு பண்கள், அவற்றிலும் பஞ்சமமும் கைசிகமும் உண்டு. டாங் அரசவை வைத்திருந்த பத்து இசைக் குழுக்களில் இந்தியக் குழு ஒன்று, சமர்கந்து, புகாரா, கொரியக் குழுக்களும் உண்டு. சீன இசையை நான்கு சுவருக்குள் வளர்ந்ததாகச் சொல்வது இந்தக் கலைஞர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பழைய பிபாவைக் குறுக்காகப் பிடிக்கும் வழக்கம் முழுதும் போய்விடவில்லை. ஃபூஜியன் மாநிலத்துச் சுவான்ஜோ துறைமுகத்தில் நான்யின் என்ற இசை இருக்கிறது. அங்கே இன்றும் அப்படியே பிடிக்கிறார்கள். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த அதே ஊர்தான் அது. நம் வணிகர்கள் அங்கே கோயில் எடுத்துக் குடியிருந்த காலத்தில் தெருவில் என்ன கேட்டிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

வந்து சேர்ந்தது போலவே மறைந்து போனதும் உண்டு. 1978இல் ஹூபெய் மாநிலம் ஸுய்ஜோவில் ஸெங் நாட்டுக் குறுநில மன்னர் யீயின் கல்லறையைத் திறந்தபோது, சட்டத்தில் தொங்கியபடியே 65 வெண்கல மணிகள் கிடைத்தன. கி.மு. 433ஐ ஒட்டிய காலம். பெரிய மணி 200 கிலோவைத் தாண்டும். அவற்றின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் பாதாம் பருப்பு வடிவில் இருக்கிறது. அதனால் நடுவில் தட்டினால் ஒரு ஸ்வரம், பக்கவாட்டில் தட்டினால் அதற்கு மேல் காந்தார தூரத்தில் இன்னொரு ஸ்வரம். ஒரு மணிக்கு இரண்டு ஸ்வரம்! எங்கே தட்டினால் எது, அதே ஸ்வரத்துக்கு ஸெங் நாட்டில் என்ன பெயர், சூ நாட்டில் என்ன பெயர் என்றெல்லாம் மணியின் மேலேயே பொன்னால் இழைத்து எழுதியிருக்கிறார்கள். இந்த வித்தை பிற்காலத்தவருக்கு மறந்தே போயிருந்தது. மணிகள் இப்போது வூஹானில் ஹூபெய் மாநில அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கணக்கு வழியில் ஒரு பெரிய மாற்றத்தையும் சொல்ல வேண்டும். மூன்றில் ஒரு பங்கு கூட்டிக் கழித்துக்கொண்டே போனால் பன்னிரண்டு படி ஏறிய பிறகு தொடங்கிய ஸ்வரத்துக்குச் சரியாகத் திரும்ப முடியாது, கொஞ்சம் தள்ளி நிற்கும். இரண்டாயிரம் ஆண்டு இதோடு மல்லுக்கட்டினார்கள். மிங் இளவரசர் ஜூ ஸாய்யூ 1584இல் பன்னிரண்டு ஸ்வரங்களையும் சமமாகப் பங்கிடும் கணக்கை அபாகஸ் என்னும் எண்ணும் சட்டத்தில் போட்டு வெளியிட்டார். அரசவை அதைக் கையில் எடுக்கவில்லை. ஷெங் வாத்தியத்தின் கதை நேர்மாறு. உலோக நாக்கு பொருத்திய குழாய்களை ஒரு கிண்ணத்தில் செருகி ஊதும் அந்த வாத்தியத்தை 1777இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் பாரிசுக்கு அனுப்பினார். ஐரோப்பாவில் ஹார்மோனியம், அக்கார்டியன் பிறந்ததற்கு அது ஒரு தூண்டுகோல். நம் பஜனைகளில் வாசிக்கும் ஹார்மோனியத்துக்கு அப்படி ஒரு தூரத்து உறவு.

எர்ஹூவும் பழமையின் சின்னம் என்றே கட்டுரை சொல்கிறது. வாத்தியம் பழையதுதான், இரண்டு தந்தி, மலைப்பாம்புத் தோல், தந்திகளுக்கு நடுவே மாட்டிய வில். ஆனால் அது தனிக்கச்சேரி வாத்தியமாக எழுந்தது லியூ தியான்ஹுவா காலத்தில். 1895இல் பிறந்து 1932இல் மறைந்தவர். அதுவரை நாடகத்துக்கும் தெருப்பாட்டுக்கும் துணைதான். அவர் அதற்காகப் பத்துத் தனி உருப்படிகளும் 47 பயிற்சிகளும் எழுதினார்.

அவருக்கு இரண்டே வயது மூத்தவர் வூஷி நகரத்து ஆபிங். தாவோ கோயிலில் இசை கற்று வளர்ந்தவர், பார்வை போனபின் தெருவில் வாசித்துப் பிழைத்தவர். 1950இல் யாங் யின்லியூ, ஸாவ் ஆன்ஹ என்ற இரண்டு இசை ஆய்வாளர்கள் கம்பியில் பதியும் கருவியோடு அவரைத் தேடிப் போனார்கள். அவர் கையில் அப்போது வாசிக்கத் தகுந்த வாத்தியமே இல்லை, இரவல் வாங்கிக் கொடுத்தார்கள். எர்ஹூவில் மூன்று, பிபாவில் மூன்று, ஆக ஆறு உருப்படிகள் பதிவாயின. அந்த வருட டிசம்பரில் அவர் காலமானார். ‘எர்சுவான் யிங்யுவே’ அந்த ஆறில் ஒன்று. இன்று பெரிய குழுக்கள் அதை நூறு பேரோடு வாசிக்கின்றன. எனக்கு அந்தக் கரகரத்த பதிவில் அவரே வாசிப்பதுதான் பிடிக்கும்: தடித்த தந்தி, தாழ்ந்த சுருதி, வில்லை அழுத்தும் இடத்தில் ஒரு பிடிவாதம். 1966க்குப் பிறகு பத்து ஆண்டுகள் நடந்த கலாச்சாரப் புரட்சியில் எத்தனையோ பழைய வாத்தியங்கள் உடைந்தன, வாசித்தவர்கள் அவமானப்பட்டார்கள். அதற்கு முன்னமே பதிவாகிவிட்டதால் பிழைத்தவை எவ்வளவு என்று எண்ணும்போது அந்த இரண்டு ஆய்வாளர்களின் காலில் விழத் தோன்றுகிறது.

ஐயா, இணைப்பிதழில் இந்த விஷயத்துக்கு இன்னொரு முறை இடம் கொடுங்கள் என்பது என் வேண்டுகோள். எழுதுபவர் இசை தெரிந்தவராக இருக்கட்டும். கட்டுரையோடு கேட்க வேண்டிய பதிவுகளின் பெயர்களையும் அச்சிடுங்கள். இணையத்தில் எல்லாம் கிடைக்கின்றன. குவான் பிங்ஹூவின் ‘லியூ ஷுய்’ ஏழரை நிமிடம்தான், இடது கையைப் பின்தொடர்ந்து கேட்க வேண்டும். ஆபிங்கின் 1950ஆம் ஆண்டுப் பதிவைக் கேட்கும்போது இரைச்சலைப் பொருட்படுத்த வேண்டாம். ஷாங்ஹாய்ப் பெரியவர்கள் வாசித்த ‘ஜோங்ஹுவா லியூபான்’ கிடைத்தால் முதல் தடவை குழலை மட்டும், அடுத்த தடவை எர்ஹூவை மட்டும் கவனியுங்கள். சாவ்ஜோ குஜெங்கில் ‘ஹன்யா ஷிஷுய்’, குளிர்காலக் காகங்கள் நீரில் விளையாடுவது. பிள்ளைகளுக்குக் கேட்க வைப்பதானால் அதிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஒரு வீணை ஆசிரியை